முன்கதவு ஸ்பீக்கர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் இணைத்த பின் வரும் கோளாறுகள்: அறிகுறி வழியே பிழை நீக்கும் வழிமுறை

வெளியில் வாங்கிய நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை முன்சீட்டின் அடியில் பொருத்தி, அதன் முதல் இரண்டு சேனல்களை முன்கதவு ஸ்பீக்கர்களுக்குக் கொடுப்பது இப்போது சிறிய ஹேட்ச்பேக் கார்களில்கூடப் பரவலாகச் செய்யப்படும் வேலை. வேலை முடிந்து சாவியைத் திருப்பும்போது பாட்டே வராமல் போனாலோ, வந்த பாட்டுடன் ஒரு விசில் சத்தமும் சேர்ந்து வந்தாலோ, பெரும்பாலானோர் முதலில் சந்தேகிப்பது ஆம்ப்ளிஃபயரைத்தான். உண்மையில் புதிய ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போயிருப்பது அரிது. எர்த் இணைப்பு, கதவுக்குள் போகும் ஸ்பீக்கர் வயர், ஸ்டீரியோவுக்குப் பின்னால் போட்ட ஒட்டுகள் ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலான கோளாறுகள் பிறக்கின்றன. ஆகவே பெட்டியைக் கழற்றிக்கொண்டு சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போவதற்கு முன், கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பார்த்து, அந்தச் சோதனையை மட்டும் முழுமையாகச் செய்யுங்கள். ஒவ்வொரு சோதனையும் வயரிங்கின் ஒரு பாதியைச் சந்தேகத்திலிருந்து விடுவிப்பதாக இருக்க வேண்டும்; இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் கை வைத்தால் எதனால் சரியானது என்பது தெரியாமலே போய்விடும்.

தொடங்கும் முன்

ஒரு மல்டிமீட்டர், இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைச் சேர்த்துச் செய்த டெஸ்ட் லாம்ப், 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்று, நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த சிறிய 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்று, முதலை வாய் கிளிப் வைத்த சில மீட்டர் வயர் ஆகியவை போதும். மெயின் வயரிலோ எர்த்திலோ கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கப்ளர் (வயர் இணைப்பான்) கண்ணில் பட்டால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. அதைக் கழற்றவும் வேண்டாம், அதில் மீட்டரோ டெஸ்ட் லாம்போ வைக்கவும் வேண்டாம்.

மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. தூரத்துக்குள் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்படுவதன்று. எஞ்சின் அறைக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டில், ரப்பர் கிராமெட் (துளை விளிம்பு உறை) இல்லாத துளை வழியாக வரும் வயர் ஒருநாள் உராய்ந்து பாடியைத் தொட்டால், கார் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக வைக்கப்படுவது. ஆம்ப்ளிஃபயரின் அருகில் ஃபியூஸ் வைத்துவிட்டு பானெட்டுக்குள் வைக்காமல் விட்டிருந்தால், மற்ற எதையும் சோதிப்பதற்கு முன் அதைத் திருத்துங்கள்.

ஆம்ப்ளிஃபயரில் விளக்கே எரியவில்லை

ஆம்ப்ளிஃபயர் உயிர் பெற மூன்று இணைப்புகள் வேண்டும்: பேட்டரியிலிருந்து வரும் மெயின், கார் பாடியின் இரும்போடு சேரும் எர்த், ஆம்ப்ளிஃபயரை விழிக்கச் சொல்லி ஸ்டீரியோவிலிருந்து வரும் ரிமோட் வயர். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகிலும் சிவப்பு முனையை மெயின் திருகிலும் தொடுங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.4 முதல் 12.7 வோல்ட் வரையும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரையும் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் கறுப்பு முனையை மட்டும் எடுத்து, பெயின்ட் இல்லாத வேறொரு பாடி இரும்பில் வையுங்கள். இப்போது வோல்டேஜ் வந்தால் குற்றம் எர்த்திலும், அப்போதும் வராவிட்டால் மெயின் வயரிலோ ஃபியூஸிலோ இருக்கிறது. ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. கண்ணாடி ஃபியூஸ்களில் கம்பி முழுதாகத் தெரிந்தும் மூடியோடு சேரும் இடத்தில் விட்டுப்போயிருக்கும். கழற்றி, மீட்டரின் பஸ்ஸர் ஒலிக்கிறதா என்று பாருங்கள்.

மீட்டரில் 12 வோல்ட் தெரிந்தும் ஆம்ப்ளிஃபயர் எழவில்லை என்றால் அதே இரு திருகுகளுக்கு இடையே டெஸ்ட் லாம்பை வையுங்கள். மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது என்பதால், நூறு இழைகளில் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது முழு 12 வோல்ட்டைக் காட்டிவிடும்; ஏறத்தாழ 1.75 ஆம்பியர் கேட்கும் 21 வாட் பல்போ மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் அந்தப் பல்பை ரிமோட் வயரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஸ்டீரியோவின் ரிமோட் வெளியீடு ஒரு ஆம்பியரில் ஒரு சிறு பங்கைத்தான் தரக்கூடியது. பல்பின் சுமை அதைச் சுட்டுவிடக்கூடும். ரிமோட்டுக்கு மீட்டர் மட்டுமே. ஸ்டீரியோவை இயக்கியதும் 12 வோல்ட்டுக்கு அருகிலும், அணைத்ததும் பூஜ்யமும் காட்ட வேண்டும்.

ரேடியோவில் மட்டும் வேலை செய்கிறது. அல்லது சாவியைத் திருப்பியதும் 'டப்' என்கிறது

இரண்டுமே ரிமோட் வயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தவை. வெளியில் விற்கும் ஸ்டீரியோக்களின் ஹார்னஸில் (வயர் கொத்தில்) முழு நீல வயர் பவர் ஆன்டெனாவுக்கும், நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் ஆம்ப்ளிஃபயர் ரிமோட்டுக்கும் உரியவை. சில மாடல்களில் முழு நீல வயருக்கு ரேடியோ ஓடும்போது மட்டுமே 12 வோல்ட் வரும். அதில் ரிமோட்டைச் சேர்த்திருந்தால், எஃப்எம்மில் அருமையாகப் பாடிய ஆம்ப்ளிஃபயர் ப்ளூடூத்துக்கு மாற்றியதும் செத்துவிடும்.

இக்னிஷன் லைனிலிருந்து ரிமோட் எடுத்திருந்தால், ஸ்டீரியோ தயாராவதற்கு முன்பே ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொள்கிறது. ஸ்டீரியோ எழும்பும்போது அதன் ஆர்சிஏ வெளியீட்டில் (ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டு சிக்னலை அனுப்பும் முனையில்) வரும் சிறு துள்ளல் பெருக்கப்பட்டு ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கிறது, அணைக்கும்போதும் அப்படியே. நீல–வெள்ளை வயருக்கு மாற்றினால் இரண்டும் நின்றுவிடும்.

விளக்கு எரிகிறது, ஆனால் ஒலி இல்லை

முதலில் ஸ்டீரியோவின் ஃபேடர் (முன், பின் ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பங்கிடும் அமைப்பு) பின்பக்கமாகத் தள்ளப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாகத் தோன்றலாம்; ஆனால் டோர் பேடைக் கழற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட முன்பே கண்டுபிடிப்பது மேல். அடுத்து, ஸ்டீரியோவிலிருந்து ஆர்சிஏ வயரை எடுத்த துளைகள் முன் ஸ்பீக்கர்களுக்கு உரியவையா அல்லது சப்வூஃபருக்கு உரியவையா என்பதைச் சரிபார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களில் ஒரே கொத்தில் ஏழெட்டு ஆர்சிஏ முனைகள் தொங்கும். அவற்றில் கேமராவுக்கானவையும் உண்டு.

இதற்குப் பின்னும் ஒலி இல்லை என்றால் பாதையை நடுவில் வெட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு ஆர்சிஏக்களைக் கழற்றி, 3.5 மி.மீ. முனையிலிருந்து ஆர்சிஏவாகப் பிரியும் கேபிள் ஒன்றால் கைப்பேசியை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் சேர்த்து, ஒலியளவைக் குறைவாக வைத்து இயக்குங்கள். பாட்டு வந்தால் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் வயர், ஸ்பீக்கர் ஆகிய மூன்றும் நிரபராதிகள். தேட வேண்டியது ஆர்சிஏ கேபிளையும் ஸ்டீரியோவையும். வராவிட்டால் கதவு ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றிவிட்டு, கையில் உள்ள சோதனை ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயரின் முனையிலேயே சேர்த்துப் பாருங்கள். அது பாடினால் கோளாறு கதவுப் பக்கம் இருக்கிறது. அதுவும் பாடாதபோதுதான் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகிக்க நியாயம் பிறக்கிறது.

புரொடெக்ட் விளக்கு எரிகிறது

சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டு பலர் ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த விளக்கின் பொருள் பெரும்பாலும் அதற்கு நேர்மாறானது: வெளியே ஏதோ தவறாக இருப்பதால் ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்டீரியோவை அணைத்து, ஸ்பீக்கர் வயர்களையும் ஆர்சிஏக்களையும் முழுவதுமாகக் கழற்றி, மெயின், எர்த், ரிமோட் மூன்றை மட்டும் விட்டு மீண்டும் இயக்குங்கள். அப்போதும் புரொடெக்ட் எரிந்து, மெயினில் வோல்டேஜும் சரியாக இருந்தால், உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம்; அது சர்வீஸ் மேசைக்கு உரிய வேலை. விளக்கு அணைந்து பச்சை அல்லது நீலம் வந்துவிட்டால், ஒவ்வொரு ஸ்பீக்கர் ஜோடியாகச் சேர்த்து, எது சேரும்போது திரும்பவும் சிவப்பு வருகிறது என்று பாருங்கள்.

குற்றவாளி ஜோடி தெரிந்ததும் அதைக் கழற்றிய நிலையிலேயே வைத்து மூன்று அளவுகளை எடுக்க வேண்டும். முதல் அளவு, இரண்டு வயர்களுக்கும் இடையே உள்ள மின்தடை. 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்று மீட்டரில் ஏறத்தாழ 3.2 முதல் 3.8 ஓம் வரை காட்டும்; ஒரு ஓமுக்கும் கீழே காட்டினால் வயரோ வாய்ஸ் காயிலோ (ஸ்பீக்கருக்குள் உள்ள கம்பிச் சுருள்) ஷார்ட் ஆகியிருக்கிறது. இரண்டாவது அளவு, ஒவ்வொரு வயருக்கும் கார் பாடிக்கும் இடையே உள்ள மின்தடை. இங்கே எந்த எண்ணும் தெரியக் கூடாது. சில ஓம்கள் தெரிந்தால் அந்த வயர் எங்கேயோ இரும்பைத் தொடுகிறது என்று பொருள். இதை அளக்கும்போது ஒருவர் கதவை மெதுவாகத் திறந்து மூட, கண்ணாடியையும் முழுவதும் இறக்கி ஏற்றச் சொல்லுங்கள். காருடன் வந்த ஸ்பீக்கரைவிட வெளியில் வாங்கும் ஆறரை அங்குல ஸ்பீக்கரின் காந்தம் பெரிதாகவும் ஆழமாகவும் இருப்பது வழக்கம். அதன் தகட்டு முனை கதவுத் தகட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டோ, கண்ணாடி இறங்கும்போது வயர் நசுங்கும்படியோ அமைந்துவிடும். டோல் பிளாசாவில் கண்ணாடியை இறக்கினால் மட்டும் பாட்டு நின்றுபோவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது அளவைப் பெரும்பாலோர் எடுப்பதே இல்லை. ஆனால் இந்த வேலையில் மிக அதிகச் சேதம் விளைவிக்கும் தவறு அதில்தான் வெளிப்படும். வயர்களை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய நிலையில் ஸ்டீரியோவை இயக்கி, அந்த வயர்களில் ஒவ்வொன்றுக்கும் பாடிக்கும் இடையே டிசி வோல்டேஜை அளங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். ஆறு வோல்ட்டுக்கு அருகில் காட்டினால், ஸ்டீரியோவின் உள் ஆம்ப்ளிஃபயர் இன்னும் அதே வயர்களோடு இணைந்திருக்கிறது. இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளும் பேட்டரி வோல்டேஜின் பாதியில் நிற்கும். இரண்டுமே எதிரெதிர்த் திசையில் ஆடித்தான் ஸ்பீக்கரை இயக்குகின்றன. காரின் பழைய வயரையே பயன்படுத்தி ஆம்ப்ளிஃபயரை முன்கதவுக்கு இணைக்கும்போது, ஸ்டீரியோவின் பின்புறம் அந்த வயரை வெட்டிப் பிரிக்காமல் மேலே ஒட்டு மட்டும் போட்டுவிட்டால், இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீடுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. வெளி ஆம்ப்ளிஃபயர் புரொடெக்டுக்குப் போய்த் தப்பித்துக்கொள்ளும். ஸ்டீரியோவின் உள்ளே இருக்கும் ஐசி பல சமயம் தப்பாது. முன் இடது வெள்ளை, வெள்ளை–கறுப்பு, முன் வலது சாம்பல், சாம்பல்–கறுப்பு ஆகிய நான்கு வயர்களும் ஸ்டீரியோ பக்கம் வெட்டப்பட்டு, தனித்தனியாக இன்சுலேஷன் செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்த நிற மரபு ஸ்டீரியோவுடன் வரும் ஹார்னஸுக்கு மட்டுமே பொருந்தும். கார் நிறுவனத்தின் வயர்களுக்கு வேறு நிறங்கள் இருக்கும் என்பதால் கார் பக்கத்தை மீட்டரால் அளந்தே அறிய வேண்டும்.

ஸ்பீக்கர் மைனஸைத் தனி வயராகக் கொண்டுபோகாமல் பாடி எர்த்தில் சேர்த்துவிடுவதும் இதே வகைத் தவறுதான். அதேபோல் இரண்டு சேனல்களை பிரிட்ஜ் செய்து (ஒரே சேனலாக இணைத்து) அதில் முன், பின் 4 ஓம் ஸ்பீக்கர்களை இணையாகச் சேர்த்து ஓட்டினால் சுமை 2 ஓம் ஆகிவிடும். பிரிட்ஜ் நிலையில் பெரும்பாலான நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர்கள் 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது. கதவைத் திறந்தால் விட்டுவிட்டு வருகிறது

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, அதன் முனையில் இடது, வலது ஆர்சிஏக்களை இடம் மாற்றிச் சொருகிப் பாருங்கள். ஊமையான பக்கம் மாறிவிட்டால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், ஆர்சிஏ கேபிளிலோ ஸ்டீரியோவிலோ உள்ளது. மாறாமல் அதே கதவே ஊமையாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரிலோ அதற்குப் பின்னாலோ உள்ளது. கதவின் அசைவோடு ஒலி வந்து போனால் கீல் அருகே உள்ள ரப்பர் குழாயைப் பிதுக்கி உள்ளே பாருங்கள். ஆண்டுக்கணக்கில் மடங்கி நிமிர்ந்த வயர், வெளி உறை முழுதாக இருக்க உள்ளே மட்டும் அறுந்திருக்கும். பல புதிய கார்களில் அந்த இடத்தில் குழாய்க்குப் பதில் ஒரு கப்ளர் அடைத்துக்கொண்டிருக்கும். புது வயர் இழுக்கக் கப்ளரைத் துளைத்து மற்ற பின்களைக் கெடுப்பதைவிட, 50 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) அளவுக்குக் காரின் சொந்த வயரையே பயன்படுத்துவது என் கருத்தில் விவேகமானது.

கதவுக்குள் வேலை செய்பவர்கள் உள்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுவது உண்டு. கண்ணாடி இடுக்கு வழியே மழைநீர் கதவுக்குள் வருவது இயல்பு. அது கீழே உள்ள துளைகள் வழியாக வெளியேறும்படி தடுத்து அனுப்புவது அந்தத் தாள்தான். அது போனால் ஐப்பசி மழையில் ஸ்பீக்கரின் தகட்டு முனைகளில் பச்சைப் பூஞ்சைபோல் தாமிரக் களிம்பு ஏறி, ஒலி முதலில் கரகரத்து, பின் நிற்கும். முனைகளைச் சுத்தம் செய்தால் போதாது. தாளையும் மறுபடி ஒட்ட வேண்டும்.

சத்தம் இருக்கிறது, ஆனால் பேஸ் இல்லை

கருவி எதுவும் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். ஸ்டீரியோவின் பேலன்ஸை முழுவதும் ஒரு பக்கம் திருப்புங்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து பாடும்போது இருந்ததைவிட ஒரு ஸ்பீக்கர் தனியாகப் பாடும்போது பேஸ் கூடுதலாகக் கேட்டால், ஒரு பக்கத்தில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு கோன் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பாடகரின் குரலும் டேஷ்போர்டின் நடுவில் நிற்காமல் எங்கோ சிதறிக் கிடக்கும். எந்தப் பக்கம் தவறு என்பதைக் கண்டுபிடிக்க, ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய வயரின் முனையில் பென்சில் பேட்டரியை ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸுடன் சேரும்போது கோன் வெளிப்பக்கம் நகர வேண்டும். ட்வீட்டரில் (உயர்ந்த ஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் ஃபில்ட்டர் ஸ்விட்சைப் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களுக்கு ஹெச்பிஎஃப் நிலை (தாழ்ந்த ஒலிகளை வெட்டுவது), 80 ஹெர்ட்ஸ் அளவு என்பது ஆறரை அங்குல ஸ்பீக்கருக்கு நல்ல தொடக்கம். குமிழ் 200 ஹெர்ட்ஸை நோக்கித் திரும்பியிருந்தால் பேஸ் மெலிந்துவிடும். ஸ்விட்ச் தவறி எல்பிஎஃப் நிலையில் (உயர்ந்த ஒலிகளை வெட்டுவது) இருந்தால் இதற்கு நேர்மாறாக, குரல்கள் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில்

ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஊய்' என்று சுருதி ஏறும் சத்தம் ஆல்டர்நேட்டரிலிருந்து வருகிறது. ஆனால் ஆல்டர்நேட்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்டீரியோ ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபயர் வேறோரிடத்திலும் எர்த் ஆகியிருக்க, அந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள சிறு வோல்டேஜ் வேறுபாடு ஆர்சிஏ கேபிளின் வெளிக் கவசம் வழியாக ஓடத் தொடங்குகிறது. அதையும் பாட்டு என்று எண்ணி ஆம்ப்ளிஃபயர் பெருக்கிவிடுகிறது. கடைகளில் இதற்கு உடனே ஒரு நாய்ஸ் ஃபில்ட்டரை விற்றுவிடுவார்கள். அது நோயை விட்டுவிட்டு அறிகுறியை மட்டும் மூடும் வேலை. அதோடு மலிவான ஃபில்ட்டர் பேஸையும் தின்றுவிடும்.

சோதனை முறை இது. ஸ்டீரியோவை அணைத்து ஆர்சிஏக்களை ஆம்ப்ளிஃபயர் முனையில் கழற்றி, எஞ்சினை ஓட்டி, ஸ்டீரியோவை இயக்கிக் கேளுங்கள். விசில் அப்போதும் இருந்தால் அது ஆம்ப்ளிஃபயரின் எர்த், மெயின் வயர்களிலிருந்து வருகிறது. நின்றுவிட்டால் கைப்பேசியை முன்பு சொன்ன கேபிளால் சேர்த்துக் கேளுங்கள். கைப்பேசி காரின் சார்ஜரில் இருக்கக் கூடாது, இருந்தால் அதுவே ஒரு புது எர்த் வழியை உருவாக்கிவிடும். கைப்பேசியில் விசில் இல்லை, ஸ்டீரியோவில் இருக்கிறது என்றால், ஆர்சிஏ கேபிள் அல்லது ஸ்டீரியோவின் எர்த். கேபிளைக் கம்பளத்தின் மேலாகத் தளர்வாகப் போட்டு, மெயின் வயரிலிருந்து தள்ளிவைத்து மறுபடி கேளுங்கள். சத்தம் குறைந்தால் வயர்களை ஓட்டிய பாதைதான் காரணம். மெயின் ஒரு பக்க வாசற்படியிலும் ஆர்சிஏ மறுபக்க வாசற்படியிலும் வர வேண்டும்.

பாதையை மாற்றியும் குறையாவிட்டால் ஒரு நீளமான வயரின் ஒரு முனையை ஸ்டீரியோவின் உலோகக் கூட்டிலும், மறுமுனையை ஸ்டீரியோ பின்னால் உள்ள ஆர்சிஏ துளையின் வெளி வளையத்திலும் தொடுங்கள். விசில் சட்டென்று நின்றால் ஸ்டீரியோவின் உள்ளே ஆர்சிஏ எர்த் பாதையில் இருக்கும் மிகச் சிறிய ஃபியூஸ் எரிந்திருக்கிறது. அது எரிந்த கதை பெரும்பாலும் ஒன்றுதான்: ஆம்ப்ளிஃபயரின் எர்த் எப்போதோ தளர்ந்திருக்கும், அல்லது ஆம்ப்ளிஃபயர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ எர்த்தையோ ஆர்சிஏவையோ பிடுங்கியிருப்பார்கள். தடித்த எர்த் வயரில் போக வேண்டிய மின்னோட்டம் முழுவதும் மெல்லிய ஆர்சிஏ கவசம் வழியே ஸ்டீரியோவுக்குத் திரும்பி அந்த ஃபியூஸைச் சுட்டுவிடுகிறது. ஆகவே விசிலை நீக்கும்போது எர்த்தையும் சேர்த்துச் சரிசெய்யாவிட்டால் அது மறுபடி எரியும்.

நல்ல எர்த் என்பது 45 செ.மீ.க்கு மேற்படாத நீளம், மெயின் வயரின் அதே தடிமன், பெயின்ட்டை முழுவதும் சுரண்டி வெள்ளி மின்னும்வரை தேய்த்த தகடு, வயர் முனையில் நசுக்கிப் பொருத்திய வளையம் (லக்), நட்சத்திர வாஷர், போல்ட், மேலே துரு பிடிக்காமல் ஒரு பூச்சு ஆகிய எல்லாம் சேர்ந்தது. சீட் போல்ட் கைக்கு எட்டுகிறது என்பதற்காக அதில் சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை: அதன் மரைகளில் பசை இருக்கும், சீட் தண்டவாளத்தில் பெயின்ட் இருக்கும். சீட் பெல்ட் போல்டைத் தொடவே கூடாது.

அடியில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல்

எஞ்சின் வேகத்தோடு மாறாத 'ஸ்ஸ்' என்ற ஒலி கெய்ன் குமிழ் அதிகம் திருப்பப்பட்டிருப்பதன் அடையாளம். கெய்ன் என்பது வால்யூம் அன்று. ஸ்டீரியோ தரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் குமிழ். ஸ்பீக்கர்களைக் கழற்றி, ஈக்வலைசரைச் சமமாக்கி, ஸ்டீரியோவின் ஒலியளவை முக்கால் பங்கில் வைத்து, 300 ஹெர்ட்ஸ் அளவிலான 0 டெசிபல் சோதனை ஒலியை ஓட்டி, ஆம்ப்ளிஃபயர் முனையில் ஏசி வோல்டேஜை அளந்துகொண்டே கெய்னை ஏற்றுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நிறுத்த வேண்டிய வோல்டேஜ் கிடைக்கும்: 50 வாட், 4 ஓம் என்றால் 14.1 வோல்ட். பலர் 1000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பயன்படுத்தச் சொல்வார்கள்; மலிவு மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக அளக்காது என்பதால் கீழேயே இருப்பது நல்லது.

சத்தத்தை ஏற்றினால் அணைந்துவிடுகிறது

தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் காற்றோட்டம் இல்லை, அல்லது ஓம் குறைவாக இருக்கிறது. மே மாத வெயிலில் மூடி நிறுத்திய காரில், கம்பளத்துக்கு அடியில் புதைத்த ஆம்ப்ளிஃபயர் வேறென்ன செய்யும்?

சூடு இல்லாமலே அணைந்தால் வோல்டேஜ் இறங்குகிறது. ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் நான்கு சேனல்களிலும் 50 வாட் வீதம் தரும்போது ஏறத்தாழ 25 ஆம்பியர் இழுக்கும். டி வகை ஏறத்தாழ 18 ஆம்பியரோடு நிற்கும். 25 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு தளர்ந்த ஒட்டு 0.02 ஓம் தடை தந்தாலே அரை வோல்ட் இழப்பும், அந்த ஒரே இடத்தில் 12.5 வாட் சூடும் உண்டாகும். இவ்வளவு சிறிய தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் காண முடியாது. அதனால் பாட்டை உரக்க ஓட்டிக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகிலும் வைத்து டிசி வோல்டேஜை அளங்கள். பின் பேட்டரி பாசிட்டிவுக்கும் மெயின் திருகுக்கும் இடையே அதையே செய்யுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டும் பக்கத்தில் ஃபியூஸ் ஹோல்டர், லக், திருகு என்று ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனால் எண் குதிக்கும் இடம் தெரிந்துவிடும்.

எல்லா ஒட்டுகளும் நன்றாக இருந்தும் இழப்பு அதிகமாக இருந்தால் வயரின் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம். தாமிரத்தின் கடத்துதிறனில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் அதற்கு உண்டு. மலிவான வயரிங் கிட்களில் '8 கேஜ்' என்று அச்சிட்ட தடித்த உறைக்குள் இத்தகைய கம்பி மெலிதாகக் கிடப்பதைக் காணலாம். உண்மையான 8 கேஜ் தாமிரக் கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 8 சதுர மி.மீ. இருக்கும்.

கம்பெனி செட்டோடு இணைத்தபோது மட்டும் வரும் சிக்கல்கள்

காருடன் வந்த ஸ்டீரியோவில் பெரும்பாலும் ஆர்சிஏ இருக்காது. ஸ்பீக்கர் வயரையே ஆம்ப்ளிஃபயரின் ஹை லெவல் உள்ளீட்டுக்குத் தருகிறோம். ஹை லெவலுக்கெனத் தனிக் கப்ளரோ ஸ்விட்சோ இருக்கும். அதை விட்டு நேராக ஆர்சிஏ துளையில் கொடுத்தால் ஒலி உடைந்து கரகரக்கும். முன்பு சொன்ன ஆறு வோல்ட்டை உணர்ந்து தானாக விழித்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு என்பதால், அவற்றுக்கு ரிமோட் வயர் தேவைப்படாது. சில கம்பெனி செட்கள் ஸ்பீக்கரின் தடையைத் தேடிப் பார்த்து, காணவில்லை என்றால் அந்தச் சேனலை மூடிவிடும். முதல் சில நொடிகள் பாடிவிட்டு அடங்கினால் இதைச் சந்தேகித்து, அதற்கென விற்கப்படும் லோடு ரெசிஸ்டரைச் செட்டின் வெளியீட்டில் குறுக்கே சேர்க்க வேண்டும்.

காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

சாவியை எடுத்து, ஸ்டீரியோவை அணைத்து, கதவுகளை மூடிய பின் ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் திருகில் வோல்டேஜ் பாருங்கள். 12 வோல்ட் நின்றால் ரிமோட்டை நிரந்தர லைனில் சேர்த்திருக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் இரவு முழுவதும் விழித்திருந்திருக்கிறது. பூஜ்யம் என்றால் மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி நெகட்டிவோடு தொடராக இணைத்து, காரின் கம்ப்யூட்டர்கள் உறங்க அரைமணி நேரம் விட்டு அளங்கள். மீட்டர் இணைந்திருக்கும்போது இக்னிஷனைப் போடவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கார் நலமே, பேட்டரியின் வயதைப் பாருங்கள். அதற்கு மேல் இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் மெயின் ஃபியூஸைக் கழற்றுங்கள். எண் இறங்காவிட்டால் ஆம்ப்ளிஃபயரை விட்டுவிட்டு, டேஷ் கேமரா, ஜிபிஎஸ் போன்றவற்றை முதலில் கழற்றிப் பார்த்து, பிறகு காரின் ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொரு ஃபியூஸாக எடுத்துக் கசிவைத் தேட வேண்டும்.